ஏழு பேர் கடைந்த பாற்கடல்

அருக்காணி தைத்த வாசுகிப் பாம்பு பதினோரு முழம். உள்ளே நார்க் கயிறு, அதைச் சுற்றிப் பஞ்சு, வெளியே பழைய நூல் புடவையைக் குழாய் மாதிரித் தைத்த உறை. முதலில் வெறும் நார்க் கயிற்றைத்தான் வைத்துப் பார்த்தாள். மூன்று பிள்ளைகள் அதைத் தொட மாட்டேன் என்று கைகளை அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டார்கள். நைலான் கயிறு வாங்கினாள். அது வழுக்கியது. ஒரு பையன் அதன் நுனியை வாயில் வைத்துக் கடித்தபடியே உட்கார்ந்துவிட்டான். பஞ்சுப் பாம்பு மூன்றாவது. அதிலும் ஒவ்வொரு பிள்ளையும் பிடிக்கிற இடத்தில் அந்தக் கை பொறுத்துக்கொள்கிற துணியை வைத்துத் தைக்க வேண்டியிருந்தது. டிம்பிக்கு வெல்வெட். ஜம்புவுக்கு முரட்டுக் கதர். எந்தக் கைக்கு எது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் போனது.

சரோஜினி நகரில் தமிழ் மாதர் சங்கத்துக்கு ஒரு சின்னக் கட்டடம் இருந்தது. முன்னால் ஹால், பின்னால் ஓர் அறை. 1974-இல் அருக்காணி அங்கே ஆயாவாகச் சேர்ந்தாள். ஆபீசுக்குப் போகிற பெண்கள் விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. கோபிச்செட்டிபாளையத்துக்காரி. ராணுவத்தில் லாரி ஓட்டிய கருப்பசாமியைக் கட்டிக்கொண்டு ஜபல்பூர், பட்டான்கோட் என்று சுற்றிவிட்டு டெல்லிக்கு வந்து நின்றவள். எட்டாம் வகுப்பு வரை படிப்பு. இந்தி நன்றாகவே பேசுவாள், ஆனால் அதையும் கோபித் தமிழின் இழுவையில்தான் பேசுவாள்.

அந்தக் குழந்தைகளில் இரண்டு மூன்று பேர் மற்றவர்களோடு சேரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வாசலில் கிடக்கும் செருப்புகளை வரிசையாக அடுக்குவார்கள். யாராவது ஒன்றை நகர்த்தினால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வார்கள். மற்ற அம்மாக்கள் முகம் சுளித்தார்கள். "இதுகளை நீ பின்னாடி ரூமுக்கு அழைச்சுண்டு போயிடு அருக்காணி. நாலு பேர் வந்து போற இடம்" என்றாள் சங்கத்தின் செயலாளர் ராஜலக்ஷ்மி மாமி. வகுப்பு அப்படித்தான் ஆரம்பித்தது. யாரும் திட்டம் போட்டு ஆரம்பித்ததில்லை. விஷயம் ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, லோதி காலனியிலிருந்தும் மோதி பாக்கிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். 1980-இல் ஏழு பேர். அதில் ஐந்து பேர் இந்தியும் பஞ்சாபியும் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள். காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை.

அந்தப் பிள்ளைகளுக்கு என்ன என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பல டாக்டர்கள் மந்தபுத்தி என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜம்புவின் அம்மா லீலாவதியிடம் மட்டும் ஒரு டாக்டர் வேறு ஒரு பெயர் சொன்னார். அவள் அதை பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்து அருக்காணியிடம் காட்டினாள். ஆட்டிஸம்.

"இதுக்கு என்ன மருந்துங்களாமா?" என்று அருக்காணி கேட்டாள்.

"மருந்து கெடையாதாம்க்கா. பேரு மட்டுந்தான் இருக்காம்."

அருக்காணிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தருகிறவர்கள் அவள் எட்டும் தூரத்தில் இல்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட் மளிகைக் கடைக்காரர் வருஷா வருஷம் கொடுக்கிற சாமி காலண்டர்கள்தான் அவளுடைய பாடப் புத்தகம். காக்கா, நரி என்று கதை சொல்லிப் பார்த்தபோது பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்தார்கள். ஒரு நாள் பழைய காலண்டரிலிருந்து வாமனன் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டினாள். தரையில் சாக்பீஸால் மூன்று பெரிய பாதங்கள் வரைந்தாள். அறைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு பையனை முதல் பாதத்தில் நிறுத்தி, இரண்டாவதில் நிறுத்தி, மூன்றாவதில் தோளைப் பிடித்து அழுத்தினாள். நாற்பது நாளில் அவன் மூன்றாவது பாதத்தில் தானாக நின்றான். அதற்குப் பிறகு அவள் எந்தப் புராணக் கதையைக் கேட்டாலும் ஒரே கேள்வி கேட்டுக்கொள்வாள்: இதில் கைக்கு என்ன வேலை, எங்கே காத்திருக்க வேண்டும்?

பாற்கடல் அந்தக் கேள்விக்கு நன்றாகப் பொருந்தியது. லஸ்ஸிக் கடைக்காரனிடம் பெரிய மத்து ஒன்று கேட்டு வாங்கினாள். டால்டா டின்னில் மணல் நிரப்பி அதில் மத்தை நிறுத்தினாள். அது மந்தர மலை. பாம்பை அதில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு பக்கம் மூன்று பேர், மறுபக்கம் நான்கு பேர். "கீஞ்சோ" என்றால் ஒரு பக்கம் இழுக்க வேண்டும். "சோடோ" என்றால் தளர்த்த வேண்டும். அப்போது எதிர்ப்பக்கம் இழுக்கும். இழுப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்து நாளில் வந்துவிட்டது. தளர்த்துவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆனது.

பத்து இழுப்புக்கு ஒரு பொருள், துணி மூடிய தொட்டியிலிருந்து அவள் எடுப்பாள். முதலில் விஷம். பிறகு பசு, குதிரை, யானை, சங்கு, நிலா, லக்ஷ்மி. கடைசியில் அமிர்தம், ஆளுக்கு அரை டம்ளர் சர்க்கரைத் தண்ணீர். ஒரு தடவை சங்கத்துக்குக் கதை சொல்ல வந்த சாஸ்திரிகள் எட்டிப் பார்த்துவிட்டு வரிசை தப்பு என்றார். "எந்த வரிசையா இருந்தாலும் சரிங்க சாமி. மாறாம இருந்தாப் போதும்" என்றாள்.

ஜம்பு எட்டு வயதில் வந்தான். அதற்குள் நான்கு பள்ளிக்கூடங்கள் அவனைத் திருப்பி அனுப்பியிருந்தன. ஒன்றில் பதினோரு நாள் இருந்தான், அதுதான் அதிகம். அவனுடைய அப்பா ஜோதிலிங்கம் மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. கெட்டவர் இல்லை, களைத்துப் போனவர். வெளியூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொள்கிற ஒரு காப்பகத்தின் விண்ணப்பத்தை வாங்கி, நிரப்பி, கையெழுத்தும் போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். "இந்த இடமும் போச்சின்னா அனுப்பிருவேன் லீலா. என்னால முடியல" என்று சொல்லியிருந்தார். லீலாவதி இதை அருக்காணியிடம் முதல் நாளே சொன்னாள். ஒளிக்கவில்லை. ஜம்பு விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்துவிடுவான். அவன் வகுப்பில் இருக்கிற மூன்று மணி நேரத்தில்தான் அவள் தூங்கினாள்.

ஜம்பு பேசமாட்டான். யாரையும் தொடமாட்டான். அம்மா கையைப் பிடித்தாலும் மீன் மாதிரி நழுவுவான். பாம்பைப் பிடிக்க அவனுக்கு ஐந்து மாதம் ஆனது. விஷம் வருகிறபோது அவன் கண் அதிலேயே நிற்பதை அருக்காணி கவனித்தாள். விஷம் என்பது ஒரு பழைய நீலக் கண்ணாடி மருந்துப் புட்டி, உள்ளே காய்ச்சி ஆறிய தண்ணீர். டிம்பிதான் எப்போதும் சிவன். லாஜ்பத் நகர் பஞ்சாபிப் பெண், பத்து வயது, எதைக் கொடுத்தாலும் குடிப்பாள். சிவன் விஷத்தைக் குடித்ததும் பார்வதி வந்து தொண்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்; விஷம் உள்ளே இறங்கக் கூடாது. அந்தப் பார்வதி வேலையை அருக்காணி ஜம்புவுக்குக் கொடுத்தாள். முதலில் தன் கையை டிம்பியின் கழுத்தில் வைத்துக் காட்டினாள். பிறகு தன் கைமேல் அவன் விரல் ஒன்று. பிறகு இரண்டு. பிறகு தன் கையை ஒவ்வொரு விரலாக உருவிக்கொண்டாள். "ஏக், தோ, தீன், சார், பாஞ்ச்" என்று எண்ணி முடித்ததும் அவன் கையை எடுக்க வேண்டும். பதினான்கு மாதம். கடைசியில் நீலப் புட்டி வெளியே வந்தால் யாரும் சொல்லாமலே அவன் எழுந்து போய் டிம்பியின் தொண்டையில் கை வைத்தான். அழுத்தாமல் வைத்தான். ஐந்தில் எடுத்தான்.

அதை லீலாவதி ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வீட்டுக்குப் போய் ஜோதிலிங்கத்திடம் சொன்னாள். அந்த மாதம் அவர் காப்பகத்தைப் பற்றிப் பேசவில்லை.

1981 பிப்ரவரியில் சங்கத்தின் கமிட்டியில் பின்னறையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. தையல் வகுப்புக்கு இடம் வேண்டும் என்று சில பேர் கேட்டார்கள். சத்தம் தாங்க முடியவில்லை என்று சில பேர். சங்கத்தின் தலைவி சாந்தகுமாரி ஒரு பெரிய அதிகாரியின் மனைவி. கட்டடமே அவர் கணவர் சொல்லித்தான் கிடைத்தது. அவர் வெள்ளிக்கிழமை வந்து நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதென்று ஆயிற்று.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராஜலக்ஷ்மி மாமி பின்னறைக்கு வந்தாள். கையில் நல்ல பீங்கான் கப்புகள். தொட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஏன்டி, எடுத்த எடுப்பிலே விஷத்தோடயா ஆரம்பிப்பே?"

"ஆமாங்க மாமி. அதானுங்க மொதல்ல வரும்."

"வெள்ளிக்கிழமை அதுவுமா! அவா பொண்ணுக்கு வர்ற வியாழக்கிழமை முகூர்த்தம். பத்திரிகை குடுக்கறத்துக்கும் சேர்த்துதான் வரா. அவா கண்ணெதிரே விஷப் புட்டியை எடுத்து நீட்டுவியோ? லக்ஷ்மியை முதல்ல எடு. விஷமே வேண்டாம் இன்னிக்கு."

"மாத்தினா இதுக தாங்காதுங்க."

"ஒரு நாள்டி. ஒரே ஒரு நாள். உனக்கு ரூம் வேணுமா வேண்டாமா?"

அருக்காணி அன்றைக்கு நன்றாகத் தூங்கியிருக்கவில்லை. இரண்டு வாரமாக இந்த வெள்ளிக்கிழமையை நினைத்தே தூக்கம் கெட்டிருந்தது. தோள்பட்டை வேறு வலித்தது. நல்ல காரியத்துக்கு முன்னால் விஷம் வேண்டாம் என்பதும் அவளுக்குத் தப்பாகப் படவில்லை. அவளுடைய மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் யாராவது இப்படி நீட்டியிருந்தால் அவளுக்கும் மனசு சங்கடப்பட்டிருக்கும். புட்டியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஒரு பஞ்சுப் பொம்மையின் சட்டைப் பித்தான் நிறத்தைக்கூடச் சொல்லாமல் மாற்றாதவள் அதைச் செய்தாள்.

சாந்தகுமாரி பதினோரு மணிக்கு வந்தார். பட்டுப் புடவை, நெற்றியில் பெரிய குங்குமம், நல்ல மாதிரியான முகம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் எவ்வளவு சமர்த்தா உட்கார்ந்திருக்குங்க. இதுகளுக்கா ப்ராப்ளம்?" என்றார்.

"அருக்காணி பழக்கி வெச்சிருக்கா" என்றாள் மாமி பெருமையாக.

பத்து இழுப்பு முடிந்தது. அருக்காணி துணியை விலக்கி லக்ஷ்மியை எடுத்தாள். ஜம்பு அரைவாசி எழுந்தவன் அப்படியே நின்றான். லக்ஷ்மியைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். அவள் "கீஞ்சோ" என்றாள். மற்றவர்கள் இழுத்தார்கள். அவன் கயிற்றை விட்டுவிட்டுத் தொட்டியிடம் போய் அதைக் கவிழ்த்தான். பசுவும் யானையும் சங்கும் தரையில் உருண்டன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஓரமாக வைத்தான். இல்லை. தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தான். தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது, தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி.

"ஒண்ணுமில்லே, விளையாடறான்" என்று மாமி சொல்லிக்கொண்டே காபியை நீட்டினாள். கப்பில் நீலப் பூப்போட்டிருந்தது. சாந்தகுமாரி அதை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

ஜம்பு திரும்பினான். நேராக நடந்து போய் அவர் தொண்டையில் கையை வைத்தான்.

அவர் அலறினார். காபி பட்டுப் புடவையில் கொட்டியது. அருக்காணி "ஜம்பூ!" என்று கத்திக்கொண்டு ஓடி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்க அவன் இறுக்கினான். அவர் தாலிச் சங்கிலி அவன் விரல்களில் மாட்டிக்கொண்டது. மாமியும் அருக்காணியுமாக விரல்களைப் பிரித்து எடுத்தபோது சங்கிலி அறுந்திருக்கவில்லை. ஆனால் கழுத்தில் நான்கு சிவந்த கோடுகள் இருந்தன. ஜம்பு சுவரோரம் போய் நெற்றியை மோத ஆரம்பித்தான். டிம்பி அழுதாள். அவள் அழுததைப் பார்த்து எல்லாரும் அழுதார்கள்.

சாந்தகுமாரி திட்டவில்லை. சங்கிலியைக் கையால் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நான் கிளம்பறேன்" என்றார். பத்திரிகையைக் கொடுக்காமலே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அருக்காணி சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். கருப்பசாமி ட்யூட்டியிலிருந்து வந்து மூங்கில் மோடாவில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். அவருக்கு விஷயம் தெரியாது.

"என்ன, இன்னிக்கு அமிர்தம் கெடச்சுதா? அசுரனுக்கு ஒரு டம்ளர் காபி கெடச்சாலும் போதும், தாயி."

அவர் எட்டிப் பார்த்தார். பலகையில் சப்பாத்தி மாவு காய்ந்துபோயிருந்தது. அவள் உருட்டுக்கட்டையைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணாம விட்டுப்போட்டேனுங்க" என்றாள்.

"என்னத்த?"

"ஏக், தோ, தீன்னு எண்ணியிருந்தா அஞ்சுல கையை எடுத்திருப்பானுங்க. பதினாலு மாசம் அப்படித்தான பழக்கினேன். நான் எண்ணல. கத்தினேன். கையப் புடிச்சு இழுத்தேன்."

கருப்பசாமிக்குப் பாதிதான் புரிந்தது. அவர் எழுந்து வந்து உருட்டுக்கட்டையை வாங்கிக்கொண்டார். அன்றைக்குச் சப்பாத்திகள் எல்லாத் திசையிலும் நீண்டிருந்தன.

மறுநாள் மாமி அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். மாமி வீட்டில் யாரும் இல்லாத நேரம். வழக்கத்துக்கு மாறாக உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினாள். அருக்காணி தரையிலேயே உட்கார்ந்தாள்.

"கமிட்டியிலே பேசியாச்சு. ரூம் உனக்குத்தான். சாந்தகுமாரியே சொல்லிட்டா, மத்தக் குழந்தைகள் என்ன பண்ணித்து, பாவம்னு. ஆனா அந்தப் பையன் கூடாது. அந்த ஒருத்தன் மட்டும்."

"அவன் தப்புப் பண்ணலைங்க மாமி. புட்டிய எடுத்து வெச்சது நானு."

"நான் சொல்லித்தானே எடுத்தே. எனக்குத் தெரியாதா?" மாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நேத்திக்கு ராத்திரியெல்லாம் அதேதான் ஓடித்து எனக்கு. ஆனா இதை நான் எப்படிடி சொல்லுவேன்? ஒரு சுமங்கலியோட கழுத்துல கை வெச்சவன், அது பார்வதி கைன்னு போய்ச் சொல்லட்டுமா? கல்யாண வீட்டுல அவா என்ன பதைபதைச்சிண்டிருக்காளோ."

"சொல்லித்தான் பாருங்களே."

"சொன்னேன். அரைவாசிதான் சொன்னேன். அதுக்கே எல்லாரும் என் மூஞ்சியையே பார்த்தா." கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "அவனை வெச்சுண்டே தீருவேன்னா திங்கக்கிழமையிலேர்ந்து தையல் மெஷின் வந்துடும். ஆறு பேரும் போக வேண்டியதுதான். நீயே முடிவு பண்ணு."

அருக்காணி ஆறு பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். மூன்றாவது பாதத்தில் நிற்கிறவனை நினைத்தாள். அவனுடைய அப்பா ஓட்டுகிற ஸ்கூட்டர் ரிக்‌ஷாவில்தான் அவன் வகுப்புக்கு வருவதற்கு முன்பு நாள் முழுக்கக் கட்டிப் போடப்பட்டு உட்கார்ந்திருந்தான். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. "சரிங்க" என்றாள்.

அங்கிருந்து நேரே நேதாஜி நகருக்கு நடந்தாள். லீலாவதியின் குவார்ட்டர்ஸ் மாடியில். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜம்பு ஓடிவிடாமல் இருக்க எப்போதும் அப்படித்தான். லீலாவதி திறந்தாள். தலை வாரியிருக்கவில்லை. ஜம்பு கட்டிலுக்கு அடியில் இருந்தான். நெற்றியில் கட்டு.

"வாங்கக்கா. நேத்துலேர்ந்து அங்கெயேதான் கெடக்கான். சோறு உள்ள தள்ளி விடுதேன்."

அருக்காணி நின்றுகொண்டே சொன்னாள். முதலில் கமிட்டி சொன்னதை. லீலாவதி தலையை ஆட்டினாள். அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். அழக்கூட இல்லை. பிறகு அருக்காணி புட்டியைப் பற்றிச் சொன்னாள். அலமாரியில் வைத்துப் பூட்டியதை. பிறகு எண்ணாமல் விட்டதை.

"நீங்களா எடுத்து வச்சீங்க?"

"நான்தான் கண்ணு."

"எதுக்கு?"

"வந்தவங்களுக்கு நல்ல காரியம். விசம் வேண்டாம்னாங்க. ஒரு நாளுதானேன்னு..."

லீலாவதி கதவில் சாய்ந்துகொண்டாள். "நாலு ஸ்கூல்லயும் இதத்தானக்கா செஞ்சாங்க. இன்னைக்கு ஒரு நாளு இங்க உக்காரட்டும், இன்னைக்கு ஒரு நாளு வேற டீச்சரு. நீங்க மாத்த மாட்டிய. அதனாலதான அவன் கையத் தூக்கினான். நீங்களும் செஞ்சிட்டியளே."

"ஆமா. செஞ்சுபோட்டேன்."

"இப்ப அவுகளுக்கு நான் என்ன சொல்லுவேன்? சாயந்திரம் வந்து டிரங்குப் பெட்டியத் தொறப்பாக."

மன்னிப்பு என்ற வார்த்தை அருக்காணியின் நாக்கு வரை வந்தது. அதை வைத்துக்கொண்டு லீலாவதி என்ன செய்வாள் என்று நினைத்து விட்டுவிட்டாள். கட்டிலுக்கு அருகே குனிந்து பார்த்தாள். ஜம்பு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கூப்பிடாமல் எழுந்தாள். "திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொல்லு கண்ணு. மறுபடி ஒருக்கா மாமியப் பார்க்கறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மாமி வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். மாமி அவளைப் பார்த்ததும் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"முடிவு முடிவுதான். என்னை ஒண்ணும் கேக்காதே."

"கேக்க வரலீங்க. பன்னெண்டரைக்கு மேல அந்த ரூமு சும்மாத்தானுங்களே இருக்குது?"

மாமி உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு மணிக்கு ஹால்ல பஜனை க்ளாஸுக்கு வந்துடுவா. அதுக்கு நடுவுலே அந்த ரூம்ல யார் இருக்கா, என்ன பண்றான்னு பார்க்கறதுக்கு எனக்கு நேரமும் இல்லை, கண்ணும் தெரியலை. போ." இரண்டு எட்டு உள்ளே போனவள் திரும்பி வந்தாள். "சத்தம் மட்டும் வரப்படாது."

ஒன்றரை மணி நேரம். ஜோதிலிங்கம் அதைக் கேட்டுவிட்டு, "இது ஒரு வகுப்பா? அவன் ஒருத்தன், ஒரு ஆயா" என்றாராம். லீலாவதி, "கோடை லீவு வரைக்கும்" என்று கேட்டாள். அவர் பெட்டியைத் திறக்கவில்லை. கோடை லீவு வரைக்கும் என்று அவரும் சொன்னார்.

ஒரு சிக்கல் இருந்தது. கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. அதனால் லீலாவதியும் வர வேண்டியிருந்தது. அவள் தூங்குகிற நேரம் போயிற்று. காலை முழுவதும் ஜம்புவை வீட்டில் சமாளித்துவிட்டு, உச்சி வெயிலில் அவனை இழுத்துக்கொண்டு வந்து சேர்வாள். அருக்காணி மூன்று மணி நேரம் ஆறு பேரோடு இருந்துவிட்டு, சாப்பிடாமல் அவர்களுக்காகக் காத்திருப்பாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட மூன்று மணியாகும். கருப்பசாமி சொல்லிப் பார்த்தார். பிறகு டிபன் பாக்ஸில் இரண்டு ரொட்டி வைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

முதல் நாள் ஜம்பு உள்ளே வந்தான். தன் இடத்தில் உட்கார்ந்தான். கயிறு மத்தில் சுற்றியிருந்தது. நீலப் புட்டி தொட்டியில் இருந்தது. அவனுக்குத் தெரியும்படி அருக்காணி துணியைத் தூக்கிக் காட்டினாள். அவன் பார்த்தான். ஆனால் கயிற்றைத் தொடவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், மற்றவர்கள் செருப்பு விடுகிற இடத்தைப் பார்த்தான். அங்கே அம்மாவுடையதும் அருக்காணியுடையதுமாக இரண்டு ஜோடிதான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தான். இரண்டு மணி வரை அப்படியே இருந்தான்.

அவன் மற்ற ஆறு பேருக்காகக் காத்திருக்கிறான் என்று அருக்காணிக்கு அன்றைக்கே புரிந்தது. வந்த நாளிலிருந்து அவன் ஒருவர் முகத்தையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. ஆனாலும் அவன் கணக்கில் அவர்கள் இருந்திருக்கிறார்கள். அதை லீலாவதியிடம் சொல்ல வேண்டாம் என்று முதலில் நினைத்தாள். மூன்றாவது நாள் சொல்லிவிட்டாள். இனி இவளிடம் எதையும் ஒளித்து வைப்பதில்லை என்று தீர்மானித்திருந்தாள்.

லீலாவதிக்குக் கயிறு இழுக்கவும் தெரியவில்லை. கோபமாக இழுத்தாள், மத்து டின்னோடு சாய்ந்தது. "மெதுவா கண்ணு. கெணத்துல தண்ணி சேந்தற மாதிரி" என்று அருக்காணி சொல்லிக் கொடுத்தாள். அவர்கள் இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து பத்து இழுப்பு இழுப்பார்கள். விஷம் வரும். அருக்காணியே மூடியில் ஊற்றிக் குடிப்பாள். கழுத்தை நீட்டி, தனக்குத் தானே ஐந்து வரை எண்ணுவாள். கை வராது. பசு வரும், குதிரை வரும். அமிர்தத்தைக் கொடுத்தால் மட்டும் ஜம்பு வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைப்பான்.

பதினோராவது நாள் நல்ல வெயில். மின்சாரம் போய்விட்டது. ஒரு சுற்று முடிந்து பொருள்களைத் தொட்டியில் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தபோது லீலாவதி கேட்டாள்.

"எத்தன நாளைக்கு இப்பிடி உக்காந்திருப்பான்?"

"தெரியாது கண்ணு."

"முன்னாடி எம்புட்டு நாளாச்சு?"

"பதினாலு மாசம். அது ஏழு பேரு இருக்கறப்ப."

"கோட லீவுக்கு ரெண்டு மாசந்தான் இருக்கு."

"ஆமா."

லீலாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். ஒரு நிமிஷம் தூங்கிவிட்டாள் என்றுதான் அருக்காணி நினைத்தாள். ஜம்பு தரையில் ஒரு விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான்.

"மணி என்னக்கா?"

"ஒண்ணே காலு."

லீலாவதி கண்ணைத் திறந்தாள். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நகர்ந்து வந்து, தன் பக்கத்துக் கயிற்றைக் கையில் எடுத்தாள். "சொல்லுங்க" என்றாள்.

"கீஞ்சோ" என்றாள் அருக்காணி.